மீலாத் மேடையில் ஜாஹிலிய்யாக் காலத்தைப் பேசுவது எப்படி

நபி (ஸல்) பிறந்ததை மீலாத் என்று நினைவுகூருகிற ரபீஉல் அவ்வல் மாதம் பிறக்க இரண்டு கிழமை இருக்கும்போதே கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை டவுனிலும் யாராவது ஒரு வீட்டில் ஒரு பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று பேச்சுப் பாடமாக்கத் தொடங்கிவிடும். அடிக்கடி வருகிற தலைப்பு, இஸ்லாத்துக்கு முந்திய அரபுச் சமூகம். நடுவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாவது பிள்ளை "குடித்தார்கள், சூதாடினார்கள், சண்டை பிடித்தார்கள், பெண் குழந்தைகளை உயிரோடு புதைத்தார்கள்" என்று தொடங்கும், இரண்டாவது பிள்ளை அதே நாலு வினைச்சொல்லையும் அதே வரிசையில் சொல்லும், ஏழாவது பிள்ளை வருகிறபோது பின்வாங்கில் இருக்கிற பெடியன்கள் கூடவே வாயசைப்பார்கள். நானும் ஒன்பதாம் ஆண்டில் இதையே கத்திப் பேசி முதலாம் பரிசு வாங்கியவன்தான், அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுதிக் கொடுக்கிற பெரியவர்களுக்குத்தான் இது. வாப்பாவோ, சாச்சியோ, ஞாயிற்றுக்கிழமை மார்க்க வகுப்பான அஹதிய்யாவின் டீச்சரோ, யாராக இருந்தாலும் ஒரு இரவு இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை, அந்தக் காலத்தைக் குறிக்கிற 'ஜாஹிலிய்யா' என்ற சொல்லுக்குப் போடுகிற 'அறியாமைக் காலம்' என்கிற மொழிபெயர்ப்பைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்பது. அதன் வேர்ச்சொல்லான 'ஜஹ்ல்' என்பதற்கு எதிராகப் பழைய அரபுக் கவிதைகளில் நிற்பது பல இடங்களில் 'இல்ம்' என்கிற அறிவு இல்லை, 'ஹில்ம்'. கோபம் தலைக்கேறினாலும் கையை அடக்கிக்கொள்கிற நிதானம், பெரியமனுசத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஜாஹில் என்பவன் பள்ளிக்கூடம் போகாதவன் இல்லை, சுள்ளென்று ஏறி வாளை உருவுகிறவன். அம்ரு இப்னு குல்ஸூம் என்ற கவிஞர், எங்களிடம் யாரும் ஜஹ்ல் காட்டவேண்டாம், காட்டினால் அதைவிட ஒருபடி மேலே போய்க் காட்டுவோம் என்று தன் நெடுங்கவிதையில் மார்தட்டுகிறார். உன்னைவிட நான் பெரிய மடையன் என்று உலகத்தில் எவனாவது மார்தட்டுவானா? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளை மேடையில் கேட்டாலே நடுவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

எழுத்து வாசனையே இல்லாத கூட்டம் என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். இஸ்லாம் வந்த நேரத்தில் மக்காவின் குறைஷிக் கோத்திரத்தில் எழுதத் தெரிந்தவர்கள் 17 பேர்தான் என்று பலாதுரி என்ற வரலாற்றாசிரியர் சொல்வது உண்மைதான், ஆனால் அது மக்கா. யெமனில் கல்லில் செதுக்கிய 'முஸ்னத்' எழுத்து அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. சிரியாவுக்கும் ஜோர்தானுக்கும் இடையில் கிடக்கிற கருங்கல் பாலைவனத்தில், ஆடும் ஒட்டகமும் மேய்த்த மனிதர்கள் மேய்ச்சலுக்கு நடுவே கல்லில் கீறிவைத்த வரிகள் பல்லாயிரக் கணக்கில் கிடைத்திருக்கின்றன. தன் பெயர், வாப்பாவின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயர், இறந்துபோன நண்பனுக்காகத் துக்கப்பட்டேன், லாத் என்ற பெண்தெய்வமே காப்பாற்று, இப்படி. திருகோணமலைச் சுவாமிமலைக்கு ஏறுகிற வழியில் மரத்திலும் கல்லிலும் பெயர் கீறி வைக்கிற நம்முடைய ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கை அரிப்புத்தான்.

சரி, அப்போ எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்து. மழை எப்போ வரும் என்று தெரியாத நிலத்தில் புல் முளைத்த இடத்தைத் தேடி ஆட்களும் மந்தையும் போகவேண்டும், தனியாகப் போனால் சாவு, ஆகவே கூட்டமாகப் போகவேண்டும், அந்தக் கூட்டம்தான் கோத்திரம். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்று குர்ஆனே சொல்கிறது (14:37). அங்கே இருந்தது ஸம்ஸம் கிணறும் கஃபாவும். பசித்தால் வியாபாரத்துக்குப் போகவேண்டும். குளிர்காலத்தில் தெற்கே யெமனுக்கு, கோடையில் வடக்கே சிரியாவுக்கு. சூறா குறைஷ் சொல்கிற அந்த இரண்டு பயணத்தை இங்கே விளக்குவது மிகச் சுலபம், ஏனென்றால் சோளகக் காற்றில் மேற்குக் கடல் குழம்பினதும் நீர்கொழும்பு, சிலாபம் ஆட்கள் வள்ளத்தோடு இந்தக் கரைக்கு வந்து வாடி போடுவதை நம்முடைய பிள்ளைகள் வருசா வருசம் பார்க்கிறார்கள். காலம் மாறினதும் தொழிலுக்காக ஊர் மாறுகிறது. அதைச் சொல்லிவிட்டு ஒட்டகத்தைக் கொண்டுவாருங்கள், சபைக்குச் சட்டென்று விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. மக்கா வாசனைத் திரவிய வியாபாரத்தால் கோடி கோடியாகச் சம்பாதித்த நகரம் என்று புத்தகங்களில் இருக்கும், அதை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். பட்ரீசியா குரோன் என்ற ஆய்வாளர் 1987-ல் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார், பெரும்பாலும் தோல், ஆடை, உணவு மாதிரிச் சாதாரணப் பொருட்கள்தான் போயிருக்கவேண்டும் என்றார். அவருடைய மற்ற முடிவுகளை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப்பேர். ஆனாலும் "பெரும் செல்வச் செழிப்பு" என்ற சொல்லைக் குறைத்துக்கொள்வதால் பேச்சுக்கு ஒரு நட்டமும் இல்லை.

இனி பேச்சின் நடுப்பகுதி. நாலு விசயத்தை அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரு கதையை முழுசாகச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி, அதற்கு பஸூஸ் யுத்தத்தைவிட நல்ல கதை இல்லை. வழக்கமாக இது ஒரே வரியில் வரும்: "ஒரு ஒட்டகத்துக்காக நாற்பது வருசம் சண்டை பிடித்த மடையர்கள்." கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தஃலிப் கோத்திரத்துத் தலைவர் குலைப் ஒரு மேய்ச்சல் நிலத்தைத் தனக்கென்று வளைத்து வைத்திருந்தார், வேறு யாருடைய மிருகமும் அங்கே வரக்கூடாது. பக்ர் கோத்திரத்தைச் சேர்ந்த ஜஸ்ஸாஸ் என்ற இளைஞனின் சாச்சிதான் பஸூஸ், அவரிடம் அடைக்கலமாக வந்து தங்கியிருந்த ஒரு ஆளின் பெண் ஒட்டகம் அந்த நிலத்துக்குள் போய்விட்டது. குலைப் அதன் மடியில் அம்பெய்தார். பஸூஸ் தலையில் கைவைத்து ஓலமிட்டார், என் விருந்தாளிக்கே இந்த வீட்டில் பாதுகாப்பில்லையா என்று. ஜஸ்ஸாஸ் போய் குலைபைக் கொன்றான். அந்தக் குலைபின் மனைவி ஜலீலா யார் என்றால், ஜஸ்ஸாஸின் கூடப்பிறந்த சகோதரி. புருசனைக் கொன்றது தம்பி, பழிவாங்கினால் சாகப்போவதும் அதே தம்பி. அவர் பெயரில் ஒரு ஒப்பாரிக் கவிதை இன்றைக்கும் இருக்கிறது.

பிள்ளை இந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தட்டும். பிறகு கேட்கட்டும், சண்டை ஒட்டகத்துக்காகவா? இல்லையே. அடைக்கலம் கொடுத்த வீட்டின் மானத்துக்காக. பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, ஜெயில் இல்லை, கிராம சேவகர்கூட இல்லை. என்னைத் தொட்டால் என் கோத்திரம் முழுதும் வரும் என்ற பயம் ஒன்றுதான் ஒவ்வொருவன் உயிருக்கும் காவல். அந்தப் பயம் ஒருமுறை பொய்யாகிவிட்டால் நாளைக்கு அந்தக் கோத்திரத்தின் பிள்ளைகளை யாரும் அடிப்பான். ஆகவே பழிவாங்குவது கோபம் மட்டும் இல்லை, கடமையாகவும் இருந்தது, அதற்கு ஒரு மாற்றுவழியும் வைத்திருந்தார்கள், தியத் என்கிற இரத்தப்பணம், ஒட்டகக் கணக்கில். வாங்கிக்கொண்டு விடுவதை இரத்தத்தை விற்றுப் பால் குடித்தவன் என்று கேலி செய்கிறவர்களும் இருந்தார்கள், அதனால்தான் ஹில்ம் உள்ள தலைவனுக்கு அவ்வளவு மரியாதை. பந்தயக் குதிரைகளில் தொடங்கிய தாஹிஸ் யுத்தத்தை அப்ஸ், துப்யான் கோத்திரங்கள் இழுத்துக்கொண்டே போனபோது, தங்கள் சொந்த மந்தையிலிருந்து இரத்தப்பணத்தைக் கட்டி அதை முடித்துவைத்த இரண்டு மனிதர்களைப் புகழ்ந்துதான் ஸுஹைர் என்ற கவிஞர் தன் பெரிய கவிதையைப் பாடினார், யுத்தத்தைத் திரிகையாக அரைக்கிறது என்று வர்ணித்து. சண்டையைப் பாடின சமூகம் சமாதானத்தையும் பாடியிருக்கிறது.

கோத்திரத் தலைவனை அரசன் என்று எழுதாதீர்கள். 'ஸையித்' என்பவன் நம்முடைய வயல்காணிகளில் வட்டவிதானை மாதிரி என்று சொன்னால் தம்பலகாமத்துப் பிள்ளைக்குக்கூட விளங்கும். தண்ணீர் முறை சொல்லலாம், பிணக்கைத் தீர்க்கலாம், ஆனால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் பேச்சுக்குப் பெறுமதி இல்லை. வித்தியாசம் என்னவென்றால் ஸையித் விருந்து வைத்தே ஏழையாகிவிட வேண்டும். கொள்ளையில் நாலில் ஒரு பங்கு தலைவனுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது, அதுவும் வருகிற ஆட்களுக்குச் சாப்பாட்டிலேயே கரைந்துவிடும். தை கோத்திரத்து ஹாத்திம் இதற்கென்றே பேர்போனவர். தேருக்குப் பதில் ஒட்டகம் அறுத்த பாரி என்று டவுன் மேடையில் சொன்னால் தமிழ்ப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. ஒருமுறை ஆசிரியர் அறையில் இந்தக் கொள்ளைப் பயணங்களைப் பற்றி, அதாவது 'கஸ்வ்' என்று சொல்லி அடுத்த கோத்திரத்தின் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருவதைப் பற்றி, ஒரு சேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், முடிந்தவரை ஆளைக் கொல்லாமல்தான் செய்வார்கள், கொன்றால் பழி தொடங்கிவிடும் என்று. அந்தப் பக்கம் கொப்பி திருத்திக்கொண்டிருந்த தமிழ் மிஸ் தலையை நிமிர்த்தாமலே, "சேர், அது வெட்சி தானே, மீட்கப் போனா கரந்தை" என்றார். எத்தனை வருசமாக இதைப் படிப்பிக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை! அன்றிலிருந்து இந்தக் கவிதைகளை நான் சங்கப் பாடல்களின் பக்கத்தில் வைத்துத்தான் விளக்குகிறேன். கஸீதா என்கிற நெடும்பாட்டின் தொடக்கம் அநேகமாக ஒன்றுதான்: கூடாரம் பிடுங்கிப்போன பழைய தங்குமிடம், அணைந்த அடுப்புக் கற்கள், அங்கே இருந்த காதலியின் நினைவு. இம்றுஉல் கைஸ் என்ற கவிஞர், கூட வந்த இரண்டு பேரையும் நில்லுங்கள், அழுவோம் என்று நிறுத்திவிட்டுத்தான் பாடத் தொடங்குகிறார். பிறகு ஒட்டகத்தில் பாலைப் பயணம், கடைசியில் தன் கோத்திரப் பெருமை அல்லது ஒருவரின் புகழ். பிரிவுக்குப் பாலையை நிலமாக வைத்த தமிழில் படித்த பிள்ளைக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை.

கவிஞன் என்றால் அங்கே பொழுதுபோக்கு ஆள் இல்லை, இன்றைய பத்திரிகையும் பேச்சாளரும் சேர்ந்தவன். ஒரு வசைப்பாட்டு ஒரு கோத்திரத்தின் பெயரைத் தலைமுறைக்கும் கெடுக்கும். பாட்டு அரங்கேறிய பெரிய இடம் தாயிஃப் பக்கம் இருந்த உக்காழ் சந்தை, துல்கஃதா மாதத்தில் கூடும். அது போர் விலக்கப்பட்ட நாலு மாதங்களில் ஒன்று, மற்றவை துல்ஹஜ், முஹர்ரம், ரஜப். அந்த விலக்கு இல்லாவிட்டால் சந்தையும் இல்லை, ஹஜ்ஜும் இல்லை, மக்காக்காரனுக்குச் சோறும் இல்லை. ஏழு கவிதைகளைப் பொன்னெழுத்தில் எழுதிக் கஃபாவில் தொங்கவிட்டார்கள் என்பதை மட்டும் "என்று சொல்லப்படுகிறது" என்று போடுங்கள், 'முஅல்லகாத்' (தொங்கவிடப்பட்டவை) என்ற பெயருக்குப் பின்னாட்களில் கட்டிய விளக்கமாகத்தான் அநேக ஆய்வாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். கவிதைகளே பிற்காலத்தில் புனைந்தவை என்று எகிப்தில் தாஹா ஹுஸைன் 1926-ல் எழுதி நாட்டையே கலக்கினார். அவ்வளவு தூரம் போக இன்றைக்கு ஆட்கள் குறைவு, ஆனால் இந்தப் பாட்டுகள் வாய்வழி வந்து இஸ்லாத்துக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் தொகுக்கப்பட்டன என்பதைப் பெரிய பிள்ளைகளின் பேச்சில் ஒரு வரியாவது சேர்க்கலாம்.

தெய்வங்களைப் பற்றி நீட்டவேண்டாம். தாயிஃபில் லாத், நக்லாவில் உஸ்ஸா, குதைதில் மனாத், கஃபாவில் ஹுபல், இது போதும். வானத்தையும் பூமியையும் படைத்தவன் அல்லாஹ் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள் (29:61), இதைப் பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. பிற்காலத்தில் மதீனாவான யத்ரிபில் யூதக் கோத்திரங்கள், நஜ்ரானில் கிறிஸ்தவர்கள், மக்காவுக்குள்ளேயே ஸைத் இப்னு அம்ரு மாதிரிச் சிலையை வணங்காத ஹனீஃப்கள், எல்லாரும் இருந்தார்கள்.

பெண்கள் விசயத்தில்தான் கவனம் வேண்டும். புதைத்தார்கள், அதை மறைக்க ஒரு தேவையும் இல்லை, குர்ஆன் அந்தக் குழந்தையே விசாரிக்கப்படும் என்று சொல்கிற இடம் (81:8-9) கல்லையும் கரைக்கும். ஆனால் "எல்லாரும் புதைத்தார்கள்" என்று எழுதிய ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சின்னமகள் கேட்டாள், "அப்பிடியெண்டா வாப்பா, அவங்களுக்குக் கலியாணம் முடிக்கப் பொம்புள எங்கயிருந்து வந்திச்சு?" என்னிடம் பதில் இல்லை. சில கோத்திரங்களில், சில குடும்பங்களில், வறுமைக்கும் மானத்துக்கும் பயந்து நடந்த கொடுமை அது. அதே காலத்தில் தமீம் கோத்திரத்து ஸஃஸஆ என்பவர் அப்படிச் சாகவிருந்த குழந்தைகளை ஒட்டகம் கொடுத்து மீட்டிருக்கிறார். பெண்ணுக்குச் சொத்துரிமை பெரும்பாலும் இல்லை, இறந்தவனின் மனைவியை அவனுடைய வேறொரு மனைவியின் மகன் எடுத்துக்கொள்கிற வழக்கமும் இருந்தது, குர்ஆன் 4:22 அதைத்தான் தடுக்கிறது. அப்படியான சமூகத்தில் பின்னாளில் நபி (ஸல்) அவர்களின் மனைவியான கதீஜா (ரழி) ஆட்களை வைத்துச் சிரியாவுக்குச் சரக்கனுப்பினார், கன்ஸா என்ற பெண் கவிஞர் தன் சகோதரன் ஸக்ருக்காகப் பாடிய இரங்கற் பாட்டுகளை ஆண் கவிஞர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சமூகம்.

யெமனை விட்டுவிடாதீர்கள், எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அரபு என்றால் மணலும் கூடாரமும் என்று நினைக்கிற சபைக்கு மஃரிப் அணைக்கட்டைக் காட்டுங்கள், 600 மீற்றர் அளவு நீளம், மலை வெள்ளத்தை மறித்து வயலுக்குத் திருப்பியது, பல நூற்றாண்டு காலம் ஸபஉ மக்களுக்குச் சோறு போட்டது. உடைவதும் கட்டுவதுமாக இருந்து, 548-ல் யெமனை ஆண்ட அப்ரஹா திருத்தியதாகக் கல்வெட்டு இருக்கிறது, பிறகு அந்த நூற்றாண்டிலேயே ஒரேயடியாகப் போய்விட்டது. 1986 ஏப்ரல் 20 இரவு கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்த பெரியவர்கள் நம்முடைய சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். குர்ஆன் சொல்லும் 'ஸைலுல் அரிம்' என்ற வெள்ளத்தை அவர்களுக்கு யாரும் வர்ணிக்கவேண்டியதில்லை, கந்தளாய் என்ற பெயரைச் சொன்னாலே காணும். யெமனின் ஹிம்யர் அரசர்கள் நாலாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பல தெய்வ வழிபாட்டை விட்டிருந்தார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். இலங்கையை இழுக்க ஆசையாக இருந்தால், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்ற கிரேக்கர், இந்தத் தீவிலிருந்து பொருட்கள் ஹிம்யர் நாட்டுக்கும் போனதாகச் சொல்கிறார். அதை வைத்துத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அரபுக் கப்பல் வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

முடிவுக்கு என்ன செய்வது? "இருள் நீங்கி ஒளி பிறந்தது" என்று எழுதப் பேனை தானாக ஓடும், பிடித்து நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக இப்படி ஒன்று. ஒரு யெமன் வியாபாரியை மக்காப் பெரிய மனிதன் ஒருவன் ஏமாற்றினான், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநியாயம் செய்யப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள், அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் ஹில்ஃபுல் ஃபுழூல். இளைஞராக இருந்த நபி (ஸல்) அதில் இருந்தார்கள், இஸ்லாத்திலும் அதற்கு அழைத்தால் போவேன் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். பிறகு அபூதாலிப் கணவாயில் நபியின் குடும்பமான பனூ ஹாஷிம் ஒதுக்கிவைக்கப்பட்டபோது, அபூலஹபைத் தவிர, இஸ்லாத்தை ஏற்காத சொந்தக்காரர்களும் கூடவே பட்டினி கிடந்தார்கள். பஸூஸில் கொன்ற அதே கோத்திரப் பாசம் இங்கே காவல் நின்றது. நபி (ஸல்) தாயிஃபிலிருந்து கல்லடிபட்டுத் திரும்பி வந்தபோது மக்காவுக்குள் நுழைய அடைக்கலம் கொடுத்தவர் முத்இம் இப்னு அதீ, அவர் கடைசிவரை முஸ்லிமாகவில்லை, தன் மகன்களுக்கு ஆயுதம் கொடுத்துக் கஃபாவைச் சுற்றி நிற்க வைத்தார். மக்காக்காரரோடு நடந்த பத்ர் யுத்தம் முடிந்து கைதிகள் முன்னால் நின்றபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களைக் கேட்டிருந்தால் அவருக்காக விட்டிருப்பேன் என்றார்கள் நபி (ஸல்). பேச்சை இந்த வரியில் நிறுத்துங்கள்.

இனி சில்லறை வேலைகள். ஐந்து நிமிடம் என்றால் கொப்பியில் இரண்டரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், இங்கே சொன்ன எல்லாவற்றையும் திணித்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், பஸூஸ் கதையும் முத்இமும் இருந்தாலே ஒரு பேச்சு. ஸஃஸஆ மாதிரிப் பெயர்களை மௌலவி ஒருவரிடம் ஒருதரம் உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். எதுகை மோனைக்காக இல்லாத திகதியைச் சேர்க்காதீர்கள். முதல் மணி அடித்தால் இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம், பதறி நடுக் கதையை விழுங்கிவிட்டு "நேரமின்மையால்" என்று சொல்லி இறங்குகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மணி கேட்டதும் நேரே முத்இமிடம் போய்விடச் சொல்லி வீட்டிலேயே ஒரு கரண்டியால் தட்டி நாலைந்துதரம் பழக்குங்கள்.